பாட்டி வளர்க்கும் பிள்ளைக்கு மலையில் யார் துணை?

கேள்வி இதுதான்: "கோத்தகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மூத்தவளுக்கு மூன்றரை வயது, சின்னவனுக்குப் பதினோரு மாதம். அத்தைதான் இருவரையும் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு 63 வயது, மூட்டு வலியும் பிரஷரும் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் என் தங்கை, அங்கே பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் பிள்ளைகளோடு வாரம் ஒரு நாள் ஓரிடத்தில் கூடி விளையாடிப் பேசிவிட்டு வருவார்கள் என்கிறாள். நம் மலையில் அப்படி ஏதாவது இருக்கிறதா?"

இருக்கிறது அம்மா. ஆனால் 'தாத்தா பாட்டி திட்டம்' என்று பலகை மாட்டிய இடத்தைத் தேடினால் கிடைக்காது. நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கு என்று இருப்பதெல்லாம் தாயின் பெயரில்தான் எழுதப்பட்டிருக்கிறது. குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தேன். முதலில் பால்வாடி டீச்சர், பிறகு மேற்பார்வையாளர். கூடலூர், குன்னூர், கோத்தகிரி என்று மூன்று பக்கமும் ஏறி இறங்கியிருக்கிறேன். பதிவேட்டில் அம்மா பெயர் இருக்கும், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நிற்பவர் பாட்டியாக இருப்பார். அம்மா விடியும் முன் கொழுந்து பறிக்கவோ ஃபேக்டரிக்கோ கேரட் கழுவவோ போயிருப்பார். நாங்கள் பாடம் சொல்வது ஒருவருக்கு, பிள்ளைக்கு ஊட்டுவது இன்னொருவர். இந்த இடைவெளியை அடைத்தாலே உங்கள் தங்கை சொல்வதில் பாதி கைக்கு வந்துவிடும்.

சின்னவனிடமிருந்து தொடங்குவோம். ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கு அங்கன்வாடியிலிருந்து சத்துமாவு வீட்டுக்கே தருவார்கள். கோதுமை, கேழ்வரகு, கடலை, வெல்லம் சேர்த்து வறுத்து அரைத்தது. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் உண்டு. இந்த மாவு எங்கெல்லாம் போகிறது என்று நான் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடம் போகும் அண்ணன் வயிற்றுக்குப் போனால் கூடப் பரவாயில்லை, சில வீட்டில் மாட்டுத் தொட்டிக்கும் போகும். கேட்டால், "அது கசக்குதுங்க, புள்ள துப்பிடுது" என்பார்கள். ஒரு தடவை ஒரு பாட்டி செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பச்சைத் தண்ணீரில் கரைத்து, மோர் மாதிரி ஓடவிட்டு, கிண்ணத்தோடு வாயில் ஊற்றினார். எந்தப் பிள்ளை குடிக்கும்? நன்றாகக் கொதித்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டியில்லாமல் பிசைந்து, ஒரு சொட்டு நெய் விடுங்கள். கரண்டியைச் சாய்த்தால் ஓடாமல் மெல்ல வழுக்கி இறங்க வேண்டும், அதுதான் பதம். வெல்லம் ஏற்கெனவே இருப்பதால் சர்க்கரை போட வேண்டாம். பதினோரு மாதத்துப் பிள்ளைக்கு உருண்டை பிடித்துக் கையில் கொடுத்தால் அவனே சப்பித் தின்பான். அன்று அந்தப் பாட்டிக்கு அவர் அடுப்பிலேயே செய்து காட்டினேன். அடுத்த மாதம் மாவுப் பையோடு வந்து, "டீச்சர், தீந்து போச்சு" என்றார். அதுவரை அந்த வீட்டிலிருந்து நான் கேட்டிராத வார்த்தை அது.

பதிவு உங்கள் பெயரில் இருக்கும். மாவை வாங்க அத்தை வருவதாக இருந்தால் அங்கன்வாடி டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இப்போது எல்லாம் செல்போன் செயலியில் முகத்தோடு சேர்த்துப் பதிவாகிறது. வயதானவர் அவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்டு வெறும் கையோடு திரும்பக் கூடாது.

மூத்தவளை அங்கன்வாடிக்கு அனுப்புகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அனுப்பவில்லை என்றால் அனுப்புங்கள். இரண்டு வயது முடிந்தாலே சேர்ப்பார்கள். மதியச் சாப்பாடு, வாரம் மூன்று நாள் முட்டை, பாட்டு, கதை, விளையாட்டு. "அங்கே ஏழைப் பிள்ளைகள்தான் போகும், இங்கிலீஷ் இல்லை" என்று தயங்கும் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்றரை வயதுப் பிள்ளைக்கு இங்கிலீஷ் அவசரமில்லை, கூட விளையாட நாலு பிள்ளைகள்தான் அவசரம். இன்னொரு லாபமும் உண்டு. காலையில் அவளைக் கொண்டுவிட்டால் மதியம் வரைக்குமாவது அத்தை கையில் ஒரே பிள்ளை. மூட்டு வலிக்கு அதைவிட நல்ல மருந்தை எந்த டாக்டரும் எழுதித் தர முடியாது.

பாதை சரியில்லை, கரடி வருகிறது, காட்டெருமை நிற்கிறது என்ற பயம் நம் ஊரில் சும்மா சொல்வதில்லை. கோத்தகிரியில் தேயிலைக்கு நடுவில் கரடி, கூடலூர் பக்கம் யானை. நான்கைந்து வீட்டுப் பாட்டிகள் முறை வைத்துப் பிள்ளைகளைச் சேர்த்து அழைத்துப் போவதுதான் இதற்கு இதுவரை பார்த்ததில் நல்ல வழி. ஒருவர் கூட்டிப் போவார், இன்னொருவர் கூட்டி வருவார். மற்றவருக்கு அன்று கால் ஓயும்.

அடுத்தது எடை பார்க்கும் நாள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மலையில் இதில் ஒரு கூத்து நடக்கும்.

மாதம் ஒரு தடவை பிள்ளையை எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பார்கள். புள்ளிகளைச் சேர்த்த கோடு மேலே ஏற வேண்டும். ஒரு மையத்தில் ஜனவரியில் எடை பார்த்தோம். உறைபனி விழுந்த காலை, புல்லெல்லாம் வெள்ளை. பிள்ளைகள் வந்த கோலத்தைச் சொல்ல வேண்டுமே: உள்ளே பனியன், அதன் மேல் ஃபிளானல் சட்டை, அதன் மேல் பாட்டி பின்னிய ஸ்வெட்டர், காதை மூடிய குல்லா, இரண்டு ஜோடி சாக்ஸ், எல்லாவற்றுக்கும் மேல் சால்வை. தொங்கும் தராசின் துணிப்பையில் பிள்ளையை உட்கார வைத்தால் கம்பளி மூட்டைக்குள் இரண்டு கண்கள் மட்டும் தெரியும். புதிதாக வந்த பணியாளர், பாவம், அப்படியே தூக்கி எடை பார்த்து எழுதிவிட்டார். மே மாதம் வந்தது. பிள்ளை ஒற்றைச் சட்டையோடு வந்தது. எடை முந்நூறு கிராம் குறைவு. கோடு கீழே சரிந்துவிட்டது. அந்த வீட்டில் அன்று சாயங்காலம் நடந்தது என்ன தெரியுமா? "நீ பால் நிறுத்தினதாலதான் புள்ள எளச்சுது" என்று மாமியார் சொல்ல, மருமகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை. இளைத்தது ஸ்வெட்டர்தான்!

அதற்குப் பிறகு நான் போகும் மையத்திலெல்லாம் ஒரு வழக்கம் வைத்தேன். கதவைச் சாத்தி, அறையில் கொஞ்சம் சூடு ஏறிய பிறகு ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்வோம். "கண்ணு, இந்தக் குளிர்ல யாராச்சும் புள்ளைக்குச் சட்டையைக் கழட்டுவாங்களா" என்று பாட்டிகள் சண்டைக்கு வருவார்கள். அப்படி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, பிள்ளையோடு ஒரு தடவை, கழற்றிய பிறகு வெறும் துணியை மட்டும் ஒரு தடவை நிறுத்துக் காட்டிக் கழிப்போம். துணியின் எடையை முள்ளில் பார்த்ததும் பாட்டிகள் சிரித்துவிடுவார்கள். அதன் பிறகு அவர்களே அடுத்தவரைத் திருத்துவார்கள்.

எடையோடு கைச் சுற்றளவையும் பாருங்கள். டீச்சரிடம் ஒரு வண்ண நாடா இருக்கும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, மேல்கையின் நடுவில் சுற்றினால் 12.5 சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். 11.5-க்குக் கீழே சிவப்பு. சிவப்பு வந்தால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடாமல் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். ஊட்டச்சத்துக் குறைந்த பிள்ளைகளுக்கும் அவர்களின் தாய்மாருக்கும் தனியாகக் கவனிப்பும் பெட்டகமும் தரும் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தை முதலமைச்சர் 2022 மே மாதம் தொடங்கி வைத்தது நம் ஊட்டியில்தான். அதனால் இங்கே கேட்டால், அப்படி ஒரு திட்டமா என்று யாரும் விழிக்க மாட்டார்கள்.

டீச்சருக்கு அடுத்து இரண்டாவது ஆள் நர்ஸம்மா, அதாவது கிராம சுகாதார செவிலியர். புதன்கிழமை தடுப்பூசி நாள். சின்னவனுக்கு ஒன்பது மாதத்துத் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள். அடுத்தது 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் அதே ஊசியின் இரண்டாம் தவணையும், முத்தடுப்பு ஊக்க ஊசியும். மூத்தவளுக்கு ஐந்து வயதில் ஒன்று பாக்கி. நடுவில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வைட்டமின் ஏ சொட்டு, ஒரு வயதுக்குப் பிறகு வருஷம் இரண்டு முறை குடற்புழு மாத்திரை. ஊசிக்குப் பயப்படும் பாட்டிகளிடம் நான் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தைக் காட்டிப் பேசுவேன். 1907-இல் தொடங்கியது, நாட்டுப் பிள்ளைகளுக்கு முத்தடுப்பு மருந்து செய்து அனுப்பிய இடம். "நம்ம மலையில செஞ்சு ஊருக்கெல்லாம் போன மருந்து, நமக்கு மட்டும் ஆகாதா" என்றால் மறுபேச்சு இருக்காது.

நர்ஸம்மாவிடம் கேட்க வேண்டிய இன்னொன்று வளர்ச்சித் தாமதம். "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்ற ஒரே வாக்கியத்தால் மலையில் எத்தனை பிள்ளைகளுக்கு இரண்டு வருஷம் வீணாயிருக்கிறது! ஒன்பது மாதத்தில் தானாக உட்காரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வயதிலும் திரும்பவில்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட வரவில்லை, 18 மாதத்தில் நடக்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். 2013 முதல் நடக்கும் தேசியச் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கே வந்து பிள்ளைகளைப் பார்க்கும். தேவையானவர்களை மாவட்ட அளவில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். பேச்சு, கேள்வி, நடை எல்லாவற்றுக்கும் பயிற்சி உண்டு, செலவில்லை. ஊட்டி வரை போகும் பஸ் செலவும் இப்போது குறைந்துவிட்டது. பெண்களுக்கான கட்டணமில்லா நகரப் பஸ் பயணத்தை 2024-இல் மலைப்பகுதிக்கும் நீட்டித்தார்கள். எந்த வண்டியில் செல்லும் என்று மட்டும் கேட்டு ஏற வேண்டும்.

அத்தைக்கு வருகிறேன். அவருக்கு 63 வயது, பிரஷர், மூட்டு வலி என்கிறீர்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது. பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். பிசியோதெரபியும் அதில் அடக்கம். மூட்டு வலி என்று சொன்னால் வீட்டுக்கு வந்து பயிற்சி சொல்லித் தருவார்கள். பாட்டிகள் தங்கள் மாத்திரைக்காக அரை நாள் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க மனசு வராமல் மாத்திரையையே விட்டுவிடுவார்கள். கேட்டால், "புள்ளைய யாருகிட்ட விட்டுட்டுப் போறது" என்பார்கள். அந்தச் சாக்கு இனி வேண்டாம். பக்கத்து வீடுகளில் எழுபது தாண்டியவர்கள் தனியாகப் பேரப்பிள்ளையோடு இருந்தால், ரேஷன் பொருளை வீட்டு வாசலுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்ததைச் சொல்லுங்கள்.

உடம்பு வலி ஒரு பக்கம், மன வலி இன்னொரு பக்கம். பிள்ளை விழுந்தால் பாட்டிதான் காரணம், சளி பிடித்தால் பாட்டிதான் காரணம். நாள் முழுக்கத் தூக்கிச் சுமந்தது யார் கண்ணுக்கும் தெரியாது. அத்தையிடம் வாரத்தில் ஒரு முழு நாள் "இன்று உங்களுக்கு லீவு" என்று சொல்லிப் பாருங்கள். முதலில் கோபப்படுவார், இரண்டாவது வாரம் அவரே சேலை மாற்றிக்கொண்டு தயாராக இருப்பார். யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால் முதியோருக்கு 14567, மனநலத்துக்கு 14416. இரண்டாவது எண் உங்களுக்கும் சேர்த்துத்தான். பிள்ளை பெற்று ஒரு வருஷம் ஆகியும் காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் அதைப் பலவீனம் என்று மூடி வைக்க வேண்டாம்.

பிள்ளை வளர்ப்பில் உங்களுக்கும் அத்தைக்கும் ஒத்துப்போகாத இடம் கட்டாயம் இருக்கும். எனக்கும் என் மாமியாருக்கும் இருந்தது. எல்லாவற்றுக்கும் சண்டை போட்டால் எதிலும் ஜெயிக்க முடியாது, எனவே உயிருக்கு ஆபத்தானதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, தாலாட்டு, மை, திருஷ்டிப் பொட்டு (கண்ணுக்குள் போகாமல்), கால் நீட்டி அதில் படுக்கவைத்து வெந்நீர் ஊற்றுவது எல்லாம் இருக்கட்டும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது கூடாது. ஒரு வயது முடியாமல் தேன் நாக்கில் வைப்பது கூடாது, துளிகூட. காய்ச்சல் அடிக்கும்போது கம்பளியால் போர்த்தி மூடுவது கூடாது. செல்போனில் பாட்டுப் போட்டு ஊட்டுவதை நிறுத்தச் சொன்னால் பாட்டிகள் என்னை முறைப்பார்கள். ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. ஆனால் இரண்டு பிள்ளைகளோடு சமைக்கவும் வேண்டிய ஒருவரிடம் வெறுமனே 'கூடாது' என்பது நியாயமில்லை. ஒரு டப்பாவில் மூடிகள், கரண்டி, நூல்கண்டு, துணித்துண்டு போட்டுச் சின்னவன் முன்னால் வையுங்கள், அரை மணி ஓடும்.

மலைக்கே உரிய ஆபத்து ஒன்று கணப்பு. டிசம்பர், ஜனவரியில் கதவு சன்னலை எல்லாம் அடைத்துவிட்டு அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்குவார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். நம் மலையிலும் கொடைக்கானலிலும் அப்படிப் போன உயிர்கள் உண்டு. படுக்கும் அறைக்குள் கரி வேண்டவே வேண்டாம். அணைந்த மாதிரி தெரிந்தாலும் சாம்பலுக்கு அடியில் கங்கு இருக்கும். பிள்ளையை உங்கள் மார்போடு சேர்த்துப் போர்த்திக்கொள்வதுதான் நல்ல சூடு. அவசரத்துக்கு 108 எல்லோருக்கும் தெரியும். மலைப்பாதையில் வண்டி வந்து சேர நேரமாகும் ஊர் என்றால், ஊரில் ஜீப் வைத்திருப்பவர் எண்ணையும் அடுப்பங்கரைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். அத்தைக்குக் கண்ணாடி இல்லாமலும் தெரியும் அளவுக்குப் பெரிதாக.

எஸ்டேட்டில் வேலை செய்யும் தோழிகள் இருந்தால் அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே, ஐம்பது பெண்கள் வேலை செய்தால் அவர்களின் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் நடத்த வேண்டும் என்று வந்துவிட்டது. லைனில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்த பலருக்கு முதல் பள்ளிக்கூடமே கிரஷ் என்ற அந்தக் காப்பகம்தான். தகரக் கூரை, வரிசையாகத் துணித் தொட்டில்கள், ஒரு ஆயா, பதினோரு மணிக்குப் பால் கொடுக்கக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடிவரும் தாய்மார். குன்னூரில் இருக்கும் தோட்ட அதிபர்களின் சங்கமான உபாசி, 1970-களில் தோட்டத்துப் பெண்களில் இருந்தே சிலரைத் தேர்ந்தெடுத்து 'லிங்க் ஒர்க்கர்' என்று பயிற்சி கொடுத்து, லைன் வீடுகளுக்குச் சுகாதாரச் செய்தியைக் கொண்டுசேர்த்தது. வெளியிலிருந்து வந்த நாங்கள் சொன்னால் கேட்காதவர்கள் பக்கத்து வீட்டு அக்கா சொன்னால் கேட்டார்கள். இப்போது ஆட்கள் குறைந்து பல இடத்தில் கிரஷ் மூடிக்கிடப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. தோட்டத்துக்கு வெளியே, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கும் மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் காப்பக வசதி கட்டாயமானது. தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்துவரலாம். உங்கள் அலுவலகம் அத்தனை பெரியதா என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றிய அரசின் 'பால்னா' திட்டத்தில் அங்கன்வாடியோடு காப்பகமும் சேர்ந்து நடத்த வழி உண்டு. உங்கள் வட்டாரத்தில் அது வந்திருக்கிறதா என்று குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கேளுங்கள்.

பழங்குடி ஊர்களில் கதை கொஞ்சம் வேறு. கூடலூர் பக்கம் ஒரு மையத்தில் பணியர் என்ற பழங்குடியைச் சேர்ந்த ஒரு பிள்ளை மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. காது கேட்கவில்லையோ என்று சந்தேகப்பட்டோம். ஒரு நாள் அதன் பாட்டியை உள்ளே உட்காரச் சொன்னோம். பாட்டி தங்கள் பேச்சில் என்னவோ கேட்க, பிள்ளை கடகடவென்று பேச ஆரம்பித்தது. அதற்குத் தெரியாதது எங்கள் தமிழ்தான். அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள் அந்தப் பாட்டிக்கு மையத்தில் ஒரு பாய் போட்டோம். அங்கே உள்ளவர்களுக்குப் பக்கபலமாகக் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை இருக்கிறது. 1990-இல் தொடங்கிய அஸ்வினி அமைப்பு நடத்துவது, ஆதிவாசிப் பெண்களே செவிலியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் இருக்கும் இடம். அரிவாள் செல் ரத்தசோகை அந்தப் பக்கத்துச் சமூகங்களில் பரவலாக இருப்பதால், பிள்ளைக்கு அடிக்கடி கை கால் வலி, மஞ்சள் காமாலை என்றால் அந்த ரத்தப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. கோத்தகிரியில் 1958-இல் டாக்டர் நரசிம்மன் தொடங்கிய நீலகிரி ஆதிவாசி நலச் சங்கம் இருளர், குறும்பர் ஊர்களுக்குப் பல காலமாகப் போய்வருகிறது.

அப்பா அம்மா இல்லாமல் பாட்டியே முழுக்க வளர்க்கும் பிள்ளைகள் உங்கள் ஊரிலும் ஓரிருவர் இருப்பார்கள். அவர்களுக்காக இதையும் எழுதிவைக்கிறேன். ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. வருமான வரம்பு கிராமத்தில் வருஷத்துக்கு 72,000, மற்ற இடங்களில் 96,000. மாநில அரசின் 'அன்புக்கரங்கள்' 2025 செப்டம்பரில் வந்தது, மாதம் 2,000. இரண்டுக்கும் போக வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. வழி தெரியவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐக் கூப்பிட்டால் சொல்வார்கள். பாட்டிகள் இதற்கு விண்ணப்பிக்கத் தயங்குவது பெரும்பாலும் பயத்தினால்தான், பிள்ளையை ஹோமுக்குக் கொண்டுபோய்விடுவார்களோ என்று. இந்தத் தொகை தருவதே பிள்ளை குடும்பத்தை விட்டுப் போகாமல் இருக்கத்தான் என்று அவர்களிடம் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

சரி, உங்கள் தங்கை சொன்ன அந்த வாராந்திரக் கூட்டம். அதற்கு அரசாங்க ஏட்டிலேயே ஒரு வாசல் திறந்திருக்கிறது. அங்கன்வாடியில் மாதந்தோறும் பெற்றோர் கூட்டம் உண்டு, சமுதாய வளைகாப்பு உண்டு, ஆறு மாதப் பிள்ளைக்கு முதல் சோறு ஊட்டும் நாள் உண்டு, செப்டம்பர் முழுக்க ஊட்டச்சத்து மாதம். இவற்றில் பெரும்பாலும் பாட்டிகளை ஓரமாக உட்காரவைத்துவிட்டு மைக்கில் பேசுவார்கள். நான் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், அதை மாற்றிப் பார்த்தேன். படுகர்கள் பாட்டியை ஹெத்தெ என்பார்கள், அது தெய்வத்தின் பெயரும்கூட. "இந்த மாசம் நான் பேச மாட்டேன், ஹெத்தெமார்தான் பேசணும்" என்றேன். முதலில் வெட்கம். பிறகு ஒருவர், தன் மூத்த பிள்ளை வயிற்றுப்போக்கில் இறந்ததைச் சொன்னார். அந்தக் காலத்தில் போக்கு நிற்கும் வரை தண்ணீரே தரக் கூடாது என்பார்களாம். அறை அமைதியாகிவிட்டது. உப்புச் சர்க்கரைக் கரைசலைப் பற்றி நான் அதற்குப் பிறகு ஒரு நிமிஷம்தான் பேச வேண்டியிருந்தது. அப்புறம் மாதம் ஒரு முறை என்பது வாரம் ஒரு முறை ஆனது. சனிக்கிழமை வெயில் ஏறியதும் கோயில் திண்ணையில் இரண்டு பாய், நடுவில் பிள்ளைகள், ஒரு கெட்டில் டீ. தாத்தாக்கள் முதலில் தூரத்தில் நின்று பார்த்தார்கள், பிறகு ஒருவர் மூங்கிலில் நடைவண்டி செய்து கொண்டுவந்தார்.

நீங்களும் அத்தையும் சேர்ந்து தொடங்க வேண்டியது அவ்வளவுதான். டீச்சரிடம் அறையைக் கேளுங்கள், மகளிர் குழுவில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், மாதம் ஒரு முறை நர்ஸம்மாவை வரச் சொல்லுங்கள். தாத்தாக்களுக்கு என்று ஒரு வேலை ஒதுக்குங்கள், இல்லையென்றால் வர மாட்டார்கள். ரேடியோ கோத்தகிரி 90.4-இல் உள்ளூர் ஆட்களின் குரலுக்கு இடம் தருவார்கள். பாட்டிகளின் தாலாட்டையும் கதையையும் பதிவு செய்யக் கேட்டுப் பாருங்கள். மையத்துக்கு வேலி இல்லை, படி உடைந்திருக்கிறது, வெளிச்சம் இல்லை என்றால் கிராம சபையில் எழுந்து பேசுங்கள். வருஷத்தில் ஆறு நாள் கூடுகிறது, அதில் ஒன்று அக்டோபர் 2. குழந்தை வளர்ச்சித் திட்டம் பிறந்ததும் 1975-இல் அதே அக்டோபர் 2-தான், எனவே அன்று கேட்பதற்கு உங்களுக்குக் கூடுதல் உரிமை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேசும்போது அத்தையையும் பக்கத்தில் நிறுத்துங்கள். அறுபது வயதுப் பெண் எழுந்து நின்று "என் பேத்தி வழுக்கி விழுந்துட்டா" என்றால் தலைவர் எழுதிக்கொள்ளாமல் இருக்க முடியாது.

முதல் வேலையாக, அடுத்த எடை நாள் எது என்று டீச்சரிடம் கேட்டு, அன்று நீங்களும் அரை நாள் லீவு போட்டு அத்தையோடு போய்வாருங்கள். சின்னவனுக்கு அன்று முன்பக்கம் பட்டன் வைத்த ஸ்வெட்டராகப் போடுங்கள், கழற்ற எளிதாக இருக்கும்.